பழைய காரும் புதிய தகடும்

மோட்டார் உதிரிபாகக் கடைகளில் அலுமினியத் தகடு ஒன்று விற்பனைக்கு வருகிறது. கனம் ஓர் அங்குலம் இருக்கும். நடுவே வட்டமான துவாரம். துவாரத்தின் உட்சுவரில் திருகாணிக்கு இருப்பதுபோலச் சுற்றுச் சுற்றாக வரிப்பள்ளம். எஞ்சினுக்குள் காற்றுப் போகும் வாய்க்கு அடியில் இதைப் பொருத்திவிட்டால் காற்று சுழன்று சுழன்று உள்ளே போகும், பெட்ரோலோடு நன்றாகக் கலக்கும், வண்டியின் இழுவை கூடும், மைலேஜும் கூடும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். "த்ராட்டில் பாடி ஸ்பேசர்" என்பது அதன் பெயர். புதிய கார் வைத்திருப்பவர்கள் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பழைய கார்க்காரர்களுக்குத்தான் ஆசை பிறக்கிறது. இந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு என்பதை மாணவியரும் பெற்றோரும் அறிந்துகொள்வது நல்லது என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பௌதிகமே இதற்குப் போதும்.

முதலில் எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிய, எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 740 கிராம். ஆகவே அதற்குக் கிட்டத்தட்ட 10.9 கிலோ காற்று வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் அந்தக் காற்று சுமார் 9300 லிட்டர் இடத்தை அடைக்கும். வீட்டு மாடியில் வைக்கிறோமே, 1000 லிட்டர் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, அதில் ஒன்பது தொட்டிக்கும் மேல்! நாம் பெட்ரோல் விலையைப் பற்றியே பேசுகிறோம். எஞ்சின் பெரும்பாலும் தின்பது காற்றைத்தான்.

அந்தக் காற்று எவ்வளவு போகலாம் என்று தீர்மானிப்பதே த்ராட்டில். பாகூர் ஏரியின் மதகைப் பார்த்திருப்பீர்கள். பலகையைத் தூக்கினால் தண்ணீர் பாயும், இறக்கினால் நிற்கும். த்ராட்டிலும் அப்படி ஒரு மதகே. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு வட்டத் தகடு திறக்கிறது, காற்று பாய்கிறது. மதகுக்கு அப்பால் இருக்கும் வாய்க்கால்தான் "மேனிஃபோல்டு". அது நான்காகப் பிரிந்து நான்கு சிலிண்டருக்கும் போகிறது.

இனி, பெட்ரோல் எங்கே வந்து சேருகிறது என்பதே முக்கியமான கேள்வி. அதைப் பொறுத்தே தகட்டின் கதை மாறுகிறது.

பழைய கார்களில் இந்தக் காரியத்தைச் செய்தது கார்புரேட்டர். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல் அந்நியமானதன்று. பிரெஞ்சு படித்த நம் தாத்தாமார் "கார்ப்யுராத்தர்" என்றே உச்சரிப்பார்கள். "சோலெக்ஸ்" என்ற புகழ்பெற்ற கார்புரேட்டரும் பிரான்சில் பிறந்ததே. மொரீஸ் குதார், மார்செல் மென்னெசோன் என்ற இரு பொறியாளர்கள் தொடங்கிய நிறுவனம் அது. முன்சக்கரத்தின் மேல் சிறு எஞ்சினைச் சுமந்து ஓடிய "வெலோசோலெக்ஸ்" என்ற மிதிவண்டியை 1946 முதல் விற்றதும் அதே நிறுவனமே. பம்பாய் குர்லாவில் தயாரான ஃபியட் கார், 1974-இல் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. அதன் மேல் உட்கார்ந்திருந்ததும் சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டர்தான்.

கார்புரேட்டருக்குள் நடப்பது அழகான காரியம். காற்றுக்குழாய் ஓரிடத்தில் இடுப்புப் போல ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமாகப் போக வேண்டியிருக்கிறது. வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறையும். குறைந்த அழுத்தம் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை ஒரு நுண்துளை வழியே உறிஞ்சிச் சிதறவைக்கிறது. இந்த உண்மையை ஆராய்ந்து 1797-இல் பாரிஸில் நூலாக வெளியிட்டவர் ஜொவான்னி பத்தீஸ்தா வெந்தூரி என்ற இத்தாலியர். அவர் குருப்பட்டம் பெற்றவர். பௌதிகப் பேராசிரியராகவும் விளங்கினார். அந்த ஒடுங்கிய இடத்துக்கு இன்றுவரை "வெஞ்சுரி" என்றே பெயர். (எஞ்சின் வரலாற்றில் இன்னொரு குருவும் உண்டு. 1850-களில் மத்தெயுச்சி என்பவரோடு சேர்ந்து உள்ளெரி எஞ்சின் ஒன்றை அமைத்த அருட்திரு. எவுஜேனியோ பார்சாந்தி. நம் பாடப்புத்தகங்கள் அவரை ஏனோ மறந்துவிட்டன.)

ஆகவே கார்புரேட்டர் வண்டியில் மதகைத் தாண்டும்போதே காற்றும் பெட்ரோலும் கூட்டாளிகள். அடியில் தகடு வைத்தால் இரண்டுமே அதன் வழியாகப் போகும். பிந்திய கார்களில் அப்படி இல்லை. 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகத் தொடங்கிய சான்ட்ரோவும், 2000-இல் மாறிய மாருதி 800-உம் "எம்.பி.எஃப்.ஐ." வகை. இவையும் இப்போது பழைய கார்களே! இவற்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி ஊசிக்குழல். வால்வின் வாசலில்தான் அது பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. மதகைத் தாண்டும்போது வெறுங்காற்று மட்டுமே இருக்கும். காற்றைச் சுழற்றிப் பெட்ரோலோடு கலக்கிறேன் என்று சொல்லும் தகடு இருக்கும் இடத்தில் கலப்பதற்குப் பெட்ரோலே இல்லை. சாம்பார் கொதிக்கும் அடுப்பு ஓர் அறையில், கரண்டி சுழலுவது இன்னோர் அறையில்!

காற்றின் சுழற்சியாவது வால்வுவரை போய்ச் சேருமா? அதுவும் இல்லை. தகட்டைத் தாண்டியதும் மேனிஃபோல்டின் அகன்ற அறை வருகிறது. அதன் பிறகு வளைவுகள், நான்கு கிளைகள். டம்ளரில் காப்பியைக் கரண்டியால் வேகமாகச் சுழற்றிவிட்டு, அதை ஒரு வடிகட்டி வழியே நான்கு டம்ளர்களில் ஊற்றிப் பாருங்கள். கடைசி டம்ளரில் சுழற்சி ஏதாவது மிஞ்சுகிறதா? ஆனால் ஒன்று மிஞ்சும். இத்தகைய தகடு பொருத்திய சில வண்டிகளில் மெல்லிய விசில் சத்தம் கேட்கும். வரிப்பள்ளங்களின் மேல் காற்று உரசுவதால் வருவது அது. வண்டிக்காரர் அதை எஞ்சினின் புதுத் தெம்பு என்று எடுத்துக்கொள்கிறார்.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். சுழற்சி என்ற கருத்து பொய்யானதன்று. சிலிண்டருக்குள்ளே காற்று சுழன்றால் எரிதல் உண்மையிலேயே சீராகிறது. ஆனால் அதை எங்கே உண்டாக்க வேண்டும்? வால்வுக்கு மிக அருகில், எரியும் அறையின் வாசலிலேயே. ஹாரி வெஸ்லேக் என்ற ஆங்கிலேயர் இதற்காகவே இருதய வடிவில் ஓர் எரியறையை அமைத்தார். ஆஸ்டின், மோரிஸ் கார்களின் எஞ்சின்களில் அந்த வடிவம் இடம்பெற்றது. அதே குடும்பத்து எஞ்சின்தான் நம் ஊர் அம்பாசடரிலும் வந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். எனவே அம்பாசடர்க்காரர் சுழற்சியைத் தேடிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. அது எஞ்சினோடேயே வந்திருக்கிறது.

அடுத்து, எண்ணிக்கையாலும் இதைச் சோதிக்கலாம். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் தனக்குள் வந்த பெட்ரோலில் நூற்றுக்கு 97, 98 பங்கை எரித்துவிடுகிறது. எரியாமல் வெளியே போவது 2, 3 பங்குதான். உலகத்திலேயே மிகச் சிறந்த கலவையை உண்டாக்கினாலும் அந்த 2, 3 பங்கைத்தானே மீட்க முடியும்? பிறகு 15, 20 சதவிகிதம் மிச்சமாகும் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? பெட்ரோலின் சக்தியில் பெரும்பகுதி வீணாவது உண்மையே. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே சூடாகப் போகிறது, மற்றொரு பெரும்பங்கு ரேடியேட்டர் வழியே போகிறது, மீதிதான் சக்கரத்துக்கு. ஆனால் அந்த இழப்பு கலவையின் குற்றமன்று; வெப்ப எஞ்சின் என்ற பிறவியின் குணம். மதகுக்கடியில் வைத்த தகடு அதைத் தொடவே முடியாது.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பெட்ரோலை மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை 1970-களிலிருந்து பரிசோதித்துப் பார்த்திருக்கிறது. குறிப்பிடத்தக்க மிச்சம் தந்த கருவி ஒன்றுமில்லை என்பதே அதன் முடிவு. நம் பக்கத்திலும் ஒரு பெரிய பாடம் நடந்தது. 1996-இல் இராஜபாளையம் பகுதியைச் சேர்ந்த இராமர் பிள்ளை மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னபோது நாடே திரும்பிப் பார்த்தது. அமைச்சர்களும் பத்திரிகைகளும் நம்பினார்கள். ஆய்வகத்தில் நெருக்கமாகக் கவனித்தபோது கதை கலைந்தது. 2016-இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. தகடு விற்பவர்களை அந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை. அவர்களில் பலர் தாங்கள் சொல்வதை நம்பியே சொல்கிறார்கள். ஆனாலும் இரண்டிலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள்?

சரி, தகட்டுக்கு ஒரு பயனுமே இல்லையா என்றால், அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. இந்த விஷயத்தின் சுவையான பகுதியே இனிமேல்தான் வருகிறது.

பழைய எஞ்சின்கள் பலவற்றில் காற்று உள்ளே வரும் குழாயும் புகை வெளியே போகும் குழாயும் ஒரே பக்கத்தில் அமைந்திருக்கும். அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினில் அப்படித்தான். புகைக்குழாய் பழுக்கக் காய்ந்திருக்கும். அதன் பக்கத்திலேயே கார்புரேட்டர். குளிர் நாட்டில் வடிவமைத்தவர்கள் இதை வேண்டுமென்றேதான் செய்தார்கள். குளிர்காலத்துக் காலையில் பெட்ரோல் ஆவியாக மறுக்கும். பக்கத்தில் கொஞ்சம் சூடு இருந்தால் நல்லது. ஆனால் புதுச்சேரியின் சித்திரை, வைகாசி வெயிலில் அந்த உதவி யாருக்கு வேண்டும்? பெட்ரோலின் இலேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். வண்டி ஓடும்போது காற்றும் புதுப் பெட்ரோலும் வந்துகொண்டே இருப்பதால் சமாளித்துவிடுகிறது. நிறுத்திய பிறகே வேதனை. எஞ்சினின் சூடு மேலேறிக் கார்புரேட்டர் கிண்ணத்திலுள்ள பெட்ரோலைக் கொதிக்கவைக்கிறது. சில சமயம் குழாய்க்குள்ளேயே ஆவி அடைத்துக்கொண்டு பெட்ரோல் வர மறுக்கிறது. அந்தக் காலத்து ஓட்டுநர்கள் பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி வைத்திருப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். இந்தத் தொல்லைக்குத்தான் அது கைவைத்தியம்.

சூட்டினால் இன்னொரு நஷ்டமும் உண்டு. காற்று சூடானால் விரியும். அதே சிலிண்டரில் குறைந்த எடையுள்ள காற்றுதான் அடங்கும். 35 டிகிரி காற்று 65 டிகிரிக்குச் சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவிகிதம் குறைகிறது. சார்ல்ஸ் விதியில் செல்சியஸைக் கெல்வினாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். 308-ஐ 338-ஆல் வகுத்தால் விடை வரும். காற்று குறைந்தால் இழுவையும் குறையும்.

இதற்காகவே தொழிற்சாலையிலேயே ஒரு வழி செய்திருந்தார்கள். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தாத பேக்கலைட் போன்ற பொருளால் ஆன ஒரு கட்டையை வைத்தார்கள், இருபுறமும் பேக்கிங். சில வண்டிகளில் புகைக்குழாயின் சூடு நேராகத் தாக்காதபடி ஒரு தகரத் தடுப்பும் உண்டு. பாருங்கள், அந்தப் பேக்கலைட் கட்டையும் ஒரு ஸ்பேசரே! சுழற்றுவதற்காக அல்ல, சூட்டைத் தடுப்பதற்காக. கடையில் விற்கும் தகடோ அலுமினியம். அலுமினியம் சூட்டை எவ்வளவு நன்றாகக் கடத்தும் என்பதைத் துணியில்லாமல் அடுப்பிலிருந்து சோற்றுப்பானை இறக்கிய எவரும் அறிவர்.

பந்தயக் கார்களிலும் கார்புரேட்டருக்கு அடியில் ஸ்பேசர் வைக்கிறார்கள் என்று சிலர் வாதாடுவார்கள். உண்மைதான். அங்கே எஞ்சின் நிமிஷத்துக்கு 6000, 7000 சுற்றில் ஓயாமல் ஓடுகிறது. கார்புரேட்டருக்கு அடியிலுள்ள இடம் சற்று அதிகரித்தால் அந்த வேகத்தில் ஒரு பலன் கிடைக்கலாம். அதே மாற்றம் குறைந்த வேகத்தில் இழுவையைக் குறைக்கவும் செய்யும். எது நல்லது என்று அவர்கள் அளவுமேடையில் எஞ்சினை ஏற்றி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நேரு வீதி நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து போகும் வண்டிக்கு அந்தச் சாஸ்திரம் எதற்கு?

இவற்றையெல்லாம் நான் யோசிக்க நேர்ந்ததே பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியால்தான். பௌதிக வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து நின்றாள்.

"மிஸ், ஒரு தகடு போட்டா மைலேஜ் கூடுமாம். அப்பா வாங்கப் போறாரு. நெஜமா மிஸ்?"

அவள் தந்தை ஒரு வெள்ளை அம்பாசடர் வைத்திருக்கிறார். திருமணங்களுக்கும், பிரெஞ்சுத் தெருக்களில் படம் எடுத்துக்கொள்ள வரும் சுற்றுலாக்காரர்களுக்கும் வாடகைக்கு ஓட்டுகிறார். அந்த வண்டிதான் குடும்பத்துக்குச் சோறு. சில மாதங்களாக அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் திணறிற்று. கோயில் வாசலில் நண்பகல்வரை காத்திருந்துவிட்டு மணமக்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் ஸ்டார்ட் ஆகாது; விருந்தினர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள வேண்டும். இரண்டு கல்யாணத்தில் இப்படி நடந்து, மூன்றாவது வீட்டார் வேறு வண்டி பேசிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒரு கடையில் இந்தத் தகட்டைப் பற்றிச் சொன்னார்களாம். பொருத்தும் கூலியோடு 6500 ரூபாய். வீட்டில் இருந்த ரொக்கம் அவள் அக்காளுடைய கல்லூரி விடுதிக்குக் கட்ட வேண்டியது.

"அப்பாகிட்ட, வாங்குறதுக்கு முன்னால ஒரு தடவ நல்ல மெக்கானிக்கிட்ட காட்டச் சொல்லும்மா" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரு முதிய மெக்கானிக் முத்தியால்பேட்டையில் இருக்கிறார். அந்தச் சனிக்கிழமை நானும் பட்டறைக்குப் போயிருந்தேன்.

பெரியவர் எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய்க் குப்பியிலிருந்து சில துளி எஞ்சின் ஆயிலைக் கார்புரேட்டரின் அடிப் பொருத்தைச் சுற்றி விட்டார். ஓரிடத்தில் விட்டபோது எண்ணெய் சட்டென்று உள்ளே இழுக்கப்பட்டது. தடதடத்துக்கொண்டிருந்த எஞ்சின் ஒரு கணம் சீராக ஓடிற்று.

"கேட்டீங்களா தம்பி? இங்கதான் திருட்டுக் காத்து போவுது" என்றார்.

"தகடு போட்டா சரியாயிடும்னு சொன்னாங்களே அண்ணே?" என்றார் மாணவியின் தந்தை.

"ஒரு ஓட்டைக்கு மேல இன்னொரு தகடு வச்சா, அடைக்க வேண்டிய இடம் ரெண்டாப் போவும். அவ்வளவுதான்."

கழற்றிப் பார்த்தபோது பேக்கலைட் கட்டையில் ஒரு மூலையிலிருந்து போல்ட் துவாரம்வரை விரிசல் ஓடியிருந்தது. பேக்கிங் காய்ந்து அப்பளமாகிவிட்டிருந்தது. தகரத் தடுப்போ இருந்த இடமே தெரியவில்லை. எப்போதோ யாரோ கழற்றி, மறுபடி மாட்டச் சோம்பல்பட்டு எறிந்திருக்க வேண்டும். விரிசல் வழியே புகுந்த காற்றுக்குக் கார்புரேட்டரில் கணக்கு இல்லை. அதனால் கலவையில் பெட்ரோல் குறைந்தது. மேம்பாலத்தில் திணறியது அதனால்தான். தடுப்பு இல்லாததால் நண்பகலில் பெட்ரோல் கொதித்தது. ஸ்டார்ட் ஆகாதது அதனால்தான். பெரியவர் ஒரு மாற்றுக் கட்டையைத் தேடிப் பிடித்து, முகத்தைக் கண்ணாடி மேல் வைத்த எமரித் தாளில் தேய்த்துச் சமன் செய்து, புதுப் பேக்கிங் வைத்து இறுக்கினார். தகரத்தை வெட்டி வளைத்து ஒரு தடுப்பும் செய்தார். கான்டாக்ட் பாயிண்டையும் பிளக்கையும் துடைத்து இடைவெளி பார்த்து வைத்தார். கூலியும் சாமானும் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது. விடுதிப் பணம் விடுதிக்கே போயிற்று. விரிசல் விட்ட அந்தக் கட்டையை நான் கேட்டு வாங்கி நம் பௌதிக ஆய்வகத்தில் வைத்திருக்கிறேன்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. தகடு போட்ட பிறகு வண்டி நன்றாக ஓடுகிறது என்று சொல்பவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். தகட்டைப் பொருத்த வேண்டுமானால் கார்புரேட்டரையோ த்ராட்டில் பாடியையோ கழற்றத்தான் வேண்டும். கழற்றியவர் கையோடு கரியைத் துடைக்கிறார். புதுப் பேக்கிங் வைக்கிறார். ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்கிறார். கடைசியில் ட்யூன் செய்து தருகிறார். வண்டி நன்றாகத்தான் ஓடும்! வேலை செய்தது துடைத்த கை. பெயர் தட்டிக்கொண்டு போவது தகடு. அதற்குமேல், பணம் கொடுத்தவரின் கால் ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்கிறது. மைலேஜ் பார்க்க வேண்டும் என்ற நினைவே ஓட்டும் பழக்கத்தை மாற்றிவிடும்.

தகட்டால் கெடுதல் உண்டா என்று கேட்கலாம். ஓர் அங்குலம் உயர்ந்த கார்புரேட்டரின் மேலுள்ள ஏர் ஃபில்டர் பானெட்டில் இடிக்கலாம். ஆக்சிலரேட்டர் கம்பியின் இழுப்பு மாறி, மிதித்தது திரும்பி வராமல் மாட்டிக்கொள்ளலாம். இரண்டாவது ஆபத்தானது. ஒரு பொருத்து இருந்த இடத்தில் இரண்டு பொருத்து ஆவதால் காற்றுக் கசிவுக்கு இன்னொரு வாசல் திறக்கிறது. கடலோர ஊரில் உப்புக் காற்றுப்பட்டு, அலுமினியமும் இரும்பு போல்டும் சேரும் இடம் அரித்துப் போவதை நாம் ஜன்னல் கொக்கிகளிலேயே பார்க்கிறோம்.

இத்தனைக்குப் பிறகும் தகட்டைச் சோதித்தே தீருவேன் என்பவர்கள் ஒழுங்காகச் சோதிக்கட்டும். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 40 கி.மீ. போய்வந்தால் 80. லிட்டருக்கு 10 கி.மீ. ஓடும் வண்டிக்கு 8 லிட்டர் செலவாகும். டேங்க் நிரப்பும்போது கழுத்துவரை நிரப்பினோமா, ஒரு விரற்கடை கீழே நிறுத்தினோமா என்பதிலேயே அரை லிட்டர் வித்தியாசம் வந்துவிடும். 8 லிட்டரில் அரை லிட்டர் என்பது 6 சதவிகிதம்! டேங்கை நிரப்பியதிலேயே 6 சதவிகிதம் பிழை இருக்கும்போது, 3 சதவிகித லாபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆகவே ஒரே ஒரு பயணம் போதாது. அதே பங்க், டயரில் அதே காற்று, அதே பாரம், விடியற்காலை அதே நேரம் என்று வைத்துக்கொண்டு, முதலில் தகடு இல்லாமல், பிறகு தகட்டோடு, மறுபடி இல்லாமல், மறுபடி தகட்டோடு எனப் பலமுறை ஓட்ட வேண்டும். தகடு உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது ஓட்டுபவருக்குத் தெரியாமல் இருந்தால் இன்னும் சிறப்பு. தகடு இல்லாத இரண்டு பயணங்களுக்கு இடையிலேயே எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தகட்டின் பயன் அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் பேச்சு.

பெட்ரோலிய சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் 1978-இல் ஏற்பட்டது முதல் சொல்லிவரும் அறிவுரைகள் பகட்டில்லாதவை: மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகம், சரியான டயர் காற்று, சுத்தமான ஏர் ஃபில்டர், கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாமை. இவற்றைப் பெட்டியில் போட்டு விற்க முடியாது என்பதால்தானோ என்னவோ கடைக்காரர்கள் இவற்றைச் சொல்வதில்லை.

கடைசியாக, பழைய கார் வைத்திருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு குறிப்பு. சமீப காலமாக மைலேஜ் குறைந்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். தகடு போன்றவற்றின் பக்கம் மனம் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது நமக்குக் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு இப்படி மாறினால், லிட்டருக்கு 6, 7 சதவிகிதம் சக்தி குறையும் என்பது சாதாரண பின்னக் கணக்கு. எந்தத் தகடும் இந்தக் குறைவைத் திருப்பித் தராது. தவிர, எத்தனாலில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே இருப்பதால், பழைய பெட்ரோலுக்கென்று அளவெடுத்த கார்புரேட்டரில் கலவை மெலிந்துவிடும். புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாகி, மேட்டில் திணறினால், மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரியதாக மாற்ற வேண்டுமா என்று நல்ல மெக்கானிக்கைக் கேளுங்கள். மாற்றிய பிறகு புகைப் பரிசோதனை செய்து கலவை சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் உப்பவைத்துப் பிளக்கும். பெட்ரோல் டேங்கிலிருந்து கார்புரேட்டர்வரை உள்ள குழாயை விரலால் அமுக்கிப் பாருங்கள். பிசுபிசுப்போ வெடிப்போ தெரிந்தால், எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாயை உடனே மாற்றிவிடுங்கள். சூடான எஞ்சினின் மேல் பெட்ரோல் சொட்டும் வண்டியில்தான் நம் பிள்ளைகள் காலையில் பள்ளிக்கு வருகிறார்கள்.